பழைய மோட்டார் சைக்கிளைக் காரில் ஏற்றும் முன் டேங்க்கைக் காலி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து வாங்கும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி, திருவொற்றியூரில் தயாரான புல்லட், ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 என்று ஒவ்வொன்றின் சிறப்பையும், வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும், சீர்செய்ய ஆகும் செலவையும் அந்தக் கட்டுரை அக்கறையோடு எடுத்துச் சொல்லியிருந்தது. ஆனால் வாங்குவதற்கும் சீர்செய்வதற்கும் நடுவே ஒரு பயணம் இருக்கிறது. விற்றவர் வீட்டுக் கொட்டகையிலிருந்து வாங்கியவர் வீட்டு வாசல்வரை வண்டி வந்து சேரும் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சேலத்தில் பழைய வண்டிகளைச் சீர்செய்யும் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், அந்தப் பயணம் எப்படியெல்லாம் நடக்கிறது என்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். உயிருக்கே ஆபத்தான ஒரு பழக்கம் அதில் பரவிவருவதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960களின் தொடக்கத்தில் மைசூரில் உற்பத்தியைத் தொடங்கி, 1996இல் மூடப்பட்டது. அங்கே தயாரான வண்டிகள் மைசூரு, மண்டியா, சாமராஜநகர் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் கிடைக்கின்றன என்பதால், சேலம், ஈரோடு, கோயம்புத்தூர்க்காரர்கள் அங்கே போய் வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் இவை மாட்டுக் கொட்டகையிலோ, வீட்டுப் பின்கட்டிலோ பல ஆண்டுகள் அசையாமல் நின்றவை. விலை பேசி முடித்ததும் விற்பவர், "நாலு கிக் அடிச்சா ஸ்டார்ட் ஆயிடும், ஓட்டிக்கிட்டே போயிடலாம்" என்பார். வாங்கியவருக்கும் ஓட்டிப் பார்க்கும் ஆசை மனம் நிறைய இருக்கும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. வெயிலில் வெடித்த டயரும், துருவேறிய பிரேக் ஷூவும், நரம்பு நரம்பாகப் பிரிந்த கிளட்ச் கேபிளுமாக நெடுஞ்சாலையில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். சட்டப்படியும் அது தவறு. தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கொட்டகையில் கிடந்த வண்டிக்கு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள், காப்பீடும் இருக்காது. பதிவில்லாத வண்டியை ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரையும், காப்பீடு இல்லாமல் ஓட்டினால் 2,000 ரூபாயும் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதைவிடப் பெரிய கவலை, வழியில் யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் வாங்கியவர் தலையில்தான் விழும்.

ஆகவே வண்டியை ஏற்றிக்கொண்டு வருவதுதான் சரி. ரயில் பார்சல், பார்சல் லாரி, குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டி என்று பல வழிகள் இருந்தாலும், சொந்தக் காரிலோ நண்பரின் காரிலோ ஏற்றி வருவதையே இப்போது பலர் விரும்புகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வண்டி கண்முன்னே இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் மட்கார்டைப் பிடித்து இழுத்து நெளித்துவிட மாட்டார்கள். இன்று கடையில் கிடைக்காத டேங்க் பேட்ஜும், முழங்கால் ரப்பரும், செயின் கவர் தகடும் வழியில் தொலைந்துபோகாது. மாருதி ஆம்னியின் உற்பத்தி 2019இல் நின்றுவிட்டாலும், நம் ஊர்களில் அந்த வண்டி இன்னும் நிறைய ஓடுகிறது. அதன் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் பின்பக்கத் தரை மட்டமாக இருக்கும். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். பின் இருக்கைகளைக் கழற்றி எடுத்துவிட்டால் ஒரு ஜாவாவோ ஆர்.எக்ஸ். 100ஓ உள்ளே போய்விடும். ஈக்கோவிலும் அப்படியே. டி.வி.எஸ். 50 போன்ற சிறு வண்டிகளைச் சில காரின் பின் இருக்கையை மடக்கியே ஏற்றிவிடலாம். புல்லட்டை மட்டும் காரில் ஏற்ற முயல வேண்டாம் என்பது என் கருத்து. 160 கிலோவைத் தாண்டும் அந்த வண்டிக்குக் குட்டி யானைதான் சரியான வாகனம். வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் யாருடைய இடுப்பாவது பிடித்துக்கொள்வதுதான் மிஞ்சும்.

இனி, நான் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் சாமராஜநகர் பக்கம் வாங்கிய ஜாவாவை ஆம்னியில் ஏற்றி, திம்பம் மலைப்பாதை வழியாக, சத்தியமங்கலம், பவானி கடந்து நேரே எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். முன் இருக்கையில் அவருடைய மனைவி, மடியில் குழந்தை. வழியெல்லாம் குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததாகவும், மலைப்பாதையின் வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்றும் அந்த அம்மா சொன்னார். பின்கதவைத் தூக்கியதும் முகத்தில் அறைந்ததுபோல் பெட்ரோல் நெடி வந்தது. வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். டேங்க் மூடியின் நடுவிலுள்ள சிறு துளை வழியாகப் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வடிந்து, கீழே விரித்திருந்த சாக்கு முழுவதும் ஊறி, தரை விரிப்புக்கு அடியில் தேங்கி நின்றது. இருக்கைக்குக் கீழே ஆறு வோல்ட் பேட்டரி. விற்றவர் வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டுவதற்காகப் புதிதாக மாட்டியது. அதன் இணைப்பைக்கூட யாரும் கழற்றவில்லை. ஹெட்லைட் கூட்டுக்குள் போகும் ஒயரின் மேலுறை வெடித்துச் செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. குழந்தையை மயக்கியது வளைவுகள் மட்டும் அல்ல என்பதை அந்தத் தம்பதியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பொறி பறந்திருந்தால் மூன்று உயிர்கள் போயிருக்கும்.

இதை ஓர் அபூர்வ நிகழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. காரில் ஏறி எங்களிடம் வரும் பழைய வண்டிகளில் டேங்க் காலியாக வருவதுதான் அபூர்வம். பெட்ரோல் விற்கும் விலையில் அதை வடித்துவிட மனம் வருவதில்லை. "கொஞ்சம்தானே இருக்கிறது" என்ற அலட்சியமும் சேர்ந்துகொள்கிறது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை வெளிவிடும் பொருள். நம் ஊர் வெயிலில், மூடிய காருக்குள், சிந்திய பெட்ரோல் எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே எழும்பிக் கலைந்துபோகாமல், தரையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காருக்குள் இருக்கும் காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே அது பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. முன்னால் இருப்பவர் பீடி பற்றவைப்பது, பழைய பேட்டரியின் முனையில் ஸ்பானர் உரசுவது, கைப்பேசியைச் சார்ஜ் செய்யச் செருகும் இடத்தில் தெறிக்கும் பொறி என்று எதுவும் போதும். பல ஆம்னிகளில் எரிவாயு சிலிண்டரும் இருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.

ரயிலில் மோட்டார் சைக்கிள் அனுப்பியவர்களுக்குத் தெரியும். பார்சல் அலுவலகத்தில் டேங்க்கில் பெட்ரோல் இல்லை என்று பார்த்து, வண்டியைச் சாக்கில் சுற்றிக் கட்டிய பிறகுதான் பதிவு செய்துகொள்வார்கள். ஆபத்தான பொருளைச் சட்டவிரோதமாக ரயிலில் ஏற்றுபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு இடம் தருகிறது. பயணிகள் பெட்டியிலிருந்து தனியே, சரக்குப் பெட்டியில் போகும் வண்டிக்கே இவ்வளவு கட்டுப்பாடு. நம் மனைவி மக்களோடு ஒரே கூரைக்கடியில், ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு வரும் வண்டிக்கு அந்தக் கட்டுப்பாட்டை நமக்கு நாமே விதித்துக்கொள்ள வேண்டாமா?

டேங்க்கைக் காலி செய்வது பெரிய வேலை அல்ல. ஆனால் முழுமையாகச் செய்ய வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றின் பெட்ரோல் டேப்பில் உள்ளே தக்கைதான் அடைப்பாக இருக்கும். வண்டி நின்ற ஆண்டுகளில் அது காய்ந்து சுருங்கிவிடுவதால், டேப்பை மூடிவிட்டோம் என்று நம்பியிருக்க முடியாது. ஆகையால் டேங்க்கைக் கழற்றி எடுத்து, உள்ளே இருப்பதை ஒரு தகரக் கேனில் வடித்து, விற்றவரிடமே கொடுத்துவிடுவது நல்லது. நாள்பட்ட பெட்ரோல் வார்னிஷ் போல நாறும். அது இனி எந்த எஞ்சினுக்கும் ஆகாது. அதைச் சாக்கடையிலோ வயலிலோ ஊற்றிவிடக் கூடாது. டேங்க்கோடு வேலை முடிவதில்லை. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கியிருப்பதையும் வடித்துவிட வேண்டும். வண்டி சாயும்போது முதலில் ஒழுகுவது அதுதான். காலியான டேங்க்கில் ஆபத்து இல்லை என்று நினைப்பதும் தவறு, ஏனென்றால் உள்ளே ஆவி நிறைந்திருக்கும். மூடியைத் திறந்து, டேப்பையும் திறந்துவிட்டு, நிழலில், வெட்டவெளியில், அடுப்போ பீடியோ இல்லாத இடத்தில் நன்றாக ஆறவிட்டு, அதன் பின் மூடியின் அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கி மூட வேண்டும். பேட்டரியைக் கழற்றி, நிமிர்த்தியே தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைக்க வேண்டும். அமிலம் சிந்தினால் காரின் தரைத்தகடு அரித்துவிடும், கை பட்டால் தோலும் வெந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகும் பயணம் முழுவதும் பக்கக் கண்ணாடிகளைச் சற்றுத் திறந்தே வைத்திருப்பது நல்லது. ஏ.சி. இருந்தால், உள்காற்றையே சுழற்றும் நிலையில் அதை வைக்கக் கூடாது.

ஏற்றுவதைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும், ஏனெனில் வண்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவரும் வழக்கத்துக்குக் காரணமே, நிற்க வைத்தால் உள்ளே போகாது என்ற எண்ணம்தான். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் ஜாவாவின் நீளமும் உயரமும் ஒருசேரக் குறைந்துவிடும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, கேபிள்களைக் கழற்றாமலே அதை முன்பக்கம் சாய்த்துவிடலாம். ஜாவாவில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. இடப்பக்கம் நீண்டிருக்கும் அந்த லீவர் கதவோரத்தில் இடித்து வளைந்துவிடாமல் துணி சுற்றி வைக்க வேண்டும். உறுதியான பலகை ஒன்றைப் பின்கதவு விளிம்பில் சாய்த்து, விளிம்பில் சாக்கு மடித்துப் போட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை இருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் பின்னாலிருந்து தள்ளினால் வண்டி உள்ளே ஏறிவிடும். ஏற்றும் முன் பின் டயருக்குக் காற்றடித்துக்கொள்வது அவசியம். காற்றில்லாத டயர் பலகையில் புரளும்போது ரிம்மை விட்டு நழுவிக்கொண்டு எல்லோரையும் தடுமாற வைக்கும். பிடிக்க வேண்டிய இடம் ஃபோர்க்கும் சட்டமும்தான். மட்கார்டு, சைலன்சர், டெயில் லைட் இவற்றைப் பிடித்து இழுத்தால், ஐம்பது அறுபது ஆண்டுகள் தாங்கிவந்த தகடு அந்த ஒரு நாளில் நெளிந்துபோகும். இரட்டைச் சைலன்சரில் ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கி வந்த வண்டிகளைப் பார்க்கும்போது, தொலைவிலிருந்து அதைத் தேடிப் போய் வாங்கியவரின் ஆசையை எண்ணி வருந்தத்தான் முடிகிறது.

நிற்க வைத்த வண்டியைக் கட்டுவதில்தான் உயிர் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. காரை நிறுத்தலாம், உள்ளே சரியாகக் கட்டப்படாமல் இருக்கும் சுமார் 130 கிலோ இரும்பு நிற்காது. அது அதே வேகத்தில் முன் இருக்கையை நோக்கி வரும். சைடு ஸ்டாண்டை நம்பி வைப்பதும், ஒரே கயிற்றால் இருக்கைக் கம்பியோடு பிணைப்பதும் கட்டாமல் விடுவதற்குச் சமம். ஃபோர்க்கின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு, பின் சட்டத்தின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு என்று நான்கு திசையிலும் இழுத்துக் கட்ட வேண்டும். இருக்கைகளையும் இருக்கைப் பட்டைகளையும் தரையோடு பிணைக்கும் போல்ட் துளைகள் காரிலேயே மிக உறுதியான இடங்கள். அங்கே கொக்கி மாட்டிக் கட்டலாம். கதவுக் கைப்பிடியில் கட்டக் கூடாது. நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும் என்பதால், லாரிக்காரர்கள் பயன்படுத்தும், கைப்பிடியால் இறுக்கிப் பூட்டும் ராட்செட் பெல்ட்டுகளே மேல். விலையும் அதிகம் இல்லை. முன் சக்கரத்தைக் கழற்றிய வண்டியென்றால் ஃபோர்க்கின் நுனி தரையில் குத்தாமல் ஒரு மரக்கட்டைமேல் உட்கார வைக்க வேண்டும். பெல்ட்டை இறுக்குகிறேன் என்று ஃபோர்க்கை அடிவரை அமுக்கிவிட்டால், காய்ந்துபோன ஆயில் சீல் பிதுங்கி எண்ணெய் கொட்டும். பாதியளவு அமுங்கினால் போதும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பெல்ட் சிறிது தளரும். மலையிறங்கத் தொடங்கும் முன் ஒரு முறையும், இறங்கி முடித்ததும் ஒரு முறையும் நிறுத்திப் பார்க்காமல் வரக்கூடாது. பின்னால் வண்டி இருக்கும்போது அதன் அருகில் யாரையும், முக்கியமாக, "பிடிச்சுக்கிட்டு வாடா" என்று பையன்களை, உட்கார வைக்கவே கூடாது.

வண்டி முழுவதும் உள்ளே போகாவிட்டால், பின்கதவைத் திறந்தபடியே கயிறு கட்டி ஓட்டி வருகிறவர்களும் உண்டு. ஏற்றிய சுமை, வாகனத்தின் உடற்பகுதிக்கு வெளியே அனுமதித்த அளவைத் தாண்டி நீண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு சொல்கிறது. தூக்கி நிற்கும் கதவில் பதிவெண் பலகை பின்னால் வருபவருக்குத் தெரியாது. பிரேக் விளக்கையும் நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் மறைத்துவிடும். அபராதத்தைவிடக் கொடியது வேறொன்று. பின்கதவு திறந்த கார் ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழற்சி உண்டாகி, சைலன்சரிலிருந்து வரும் புகையைக் காருக்குள்ளேயே இழுத்துவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கி ஓட்டுநரையே மயக்கத்தில் ஆழ்த்திவிடும். கதவு மூடாத வண்டிக்குக் காரே பொருத்தம் இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துக் குட்டி யானையைக் கூப்பிட வேண்டும்.

ஆவணங்களைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை என்றாலும், வழியில் போலீசார் காரை நிறுத்தினால் உள்ளே இருப்பது திருட்டு வண்டி என்ற ஐயம் எழுவது இயல்பே. அசல் ஆர்.சி. புத்தகம், பெயர் மாற்றத்துக்காக விற்றவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30, விற்பனைக் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல் ஆகியவை கையில் இருக்க வேண்டும். ஏற்றும் முன்னரே சேசிஸ் எண், எஞ்சின் எண் மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு எண் மாறியிருந்தாலும் வண்டியை ஏற்றாதீர்கள். கர்நாடகப் பதிவாக இருந்தால் அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற்றாக வேண்டும். அதை விற்றவரைக் கொண்டு முடித்துக்கொண்ட பிறகு பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்தப் பயணம் ஒரே ஒருமுறைதான், இதற்காக இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்காக மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி 20,000 ரூபாய் கட்டணத்தில் "வி.ஏ." என்ற எழுத்துகள் கொண்ட பதிவெண் கிடைக்கும், பதிவு பத்தாண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வாகன அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே இந்தப் பதிவைப் பெறுகிறவர் தொலைவில் நடக்கும் கண்காட்சிக்குப் போக நினைக்கும்போதெல்லாம் வண்டியை மீண்டும் ஏற்றிச் செல்லும் தேவை வரக்கூடும். அப்போது டேங்க்கில் இருக்கப்போவது புதுப் பெட்ரோல். ஆபத்து இன்னும் அதிகம்.

மலைப்பாதைகளின் அடிவாரச் சோதனைச் சாவடிகளிலும் மாவட்ட எல்லைகளிலும் பணியில் இருக்கும் காவலர்களிடம் ஒரு வேண்டுகோள். காருக்குள் மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் ஆவணத்தைக் கேட்பதோடு நிறுத்திவிடாமல், "டேங்க் காலியா? பேட்டரி கழற்றியாயிற்றா?" என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்றால் அபராதம் போடுவதைவிட, ஓரமாக நிறுத்தி, உள்ளே இருப்பவர்களை இறக்கி, வெளியே வைத்து வடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பழைய வண்டி வியாபாரம் செய்யும் தரகர்களும் நினைத்தால், விற்கும் இடத்திலேயே இதை முடித்துக் கொடுக்க முடியும். வண்டியை ஸ்டார்ட் செய்து காட்ட ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றுகிறவர்கள், கை மாறியதும் அதை வடித்துக் கொடுப்பதையும் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும். பெரிய ஊர்களில் இருக்கும் பழைய வாகன ஆர்வலர் மன்றங்கள், உறுப்பினர்களிடம் நான்கு ராட்செட் பெல்ட்டும் ஒரு பலகையும் இரவல் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தால், புதிதாக வாங்குகிற இளைஞர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய வாகனங்களைப் பற்றி அடுத்து எழுதும்போது, டேங்க்கைக் காலி செய்வது, பேட்டரியைக் கழற்றுவது, நான்கு பக்கமும் கட்டுவது, வண்டியின் அருகில் ஆளை உட்கார வைக்காமல் இருப்பது ஆகியவற்றைப் படத்தோடு அதே பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விளக்கப் படங்கள் எடுக்க விரும்பினால், எங்கள் பட்டறையில் இருக்கும் ஜாவா ஒன்றையும் ஓர் ஆம்னியையும் கொண்டு ஏற்றி, கட்டி, இறக்கிக் காட்ட நானும் என் பட்டறைத் தம்பிகளும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பழைய மோட்டார் சைக்கிள் பட்டறை,
சேலம்.